மொட்டை மாடிக் கதவு

"சார், உங்க வீட்டு அக்கா இன்னிக்கும் மேலதான் போயிருக்காங்க" என்றார் வாட்ச்மேன்.

சூப்பர்வைசர் நிமிரவில்லை. மேஜையில் இருந்த நோட்டில் 'கயிறு, கொக்கி, முடிச்சு: சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி துடைக்கிற நாளெல்லாம் காலை எட்டு மணிக்குப் போடுகிற கையெழுத்து. இன்று பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

"மேலன்னா?"

"மொட்டை மாடிக்கு. சுருட்டையும் அங்கதான் இருக்கான். மூணு நாளா பார்க்கறேன். நமக்கெதுக்கு வம்புன்னு சொல்லலை."

வம்பு வேண்டாதவர், நடக்கப்போவதைப் பார்க்க லிஃப்ட் பக்கத்திலேயே வசதியாக நின்றுகொண்டார்.

சுருட்டை, அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தில் கயிற்றில் தொங்கி வெளிக்கண்ணாடி துடைக்கிறவன். வேலைக்கு வந்து மூன்றே நாள். சுருட்டை முடி, அகலமான தோள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு, வாய் நிறைய 'அக்கா'. அந்த அக்காவெல்லாம் சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்ன?

அவர் மனைவி ஸ்டூலில் ஏறவே நடுங்குகிறவள். பதினோரு மாதம் முன்பு அவள் தம்பி இதே கட்டடத்தில், இதே வேலையில், முடிச்சு அவிழ்ந்து விழுந்து செத்தான். அவனே அவசரத்தில் சரியாகக் கட்டவில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து, அதே கட்டடத்துத் தரைத்தளத்தில் இருக்கும் தங்கள் வீட்டு ஜன்னலைக்கூட அவள் திறப்பதில்லை. புருஷனைப் பார்த்துச் சிரிப்பதுமில்லை.

அப்படிப்பட்டவள் மொட்டை மாடிக்குப் போகிறாள் என்றால்? நோட்டை மூடிவிட்டு லிஃப்டில் ஏறினார்.

லிஃப்ட் பதினாலோடு நின்றது. அதற்கு மேல் குறுகலான இரும்புப் படி. உயரம் என்றாலே அவருக்குக் கால் துவண்டுவிடும். ஆறு வருஷ வேலையில் இந்தப் படியை மிதித்ததே இல்லை. இது யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார்.

மூடிய கதவுக்குப் பின்னால் அவள் சிரிப்புச் சத்தம். கொஞ்சம் நடுங்கின சிரிப்புதான். ஆனாலும் பதினோரு மாதமாக அவருக்குக் கிடைக்காதது.

"இன்னும் இறுக்குங்கக்கா."

"கை வலிக்குதுப்பா."

"விட்டுடாதீங்க!"

"நானா? உயிரே போனாலும் விடமாட்டேன்."

ரத்தம் தலைக்கேறியது. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். அது தள்ளுகிற கதவு என்று புரிவதற்குள் வியர்த்து வழிந்துவிட்டது.

தள்ளியதும் காற்று முகத்தில் அறைந்தது. சுற்றிலும் வெறும் வானம். கால் மடங்கி, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுருட்டை இடுப்புப் பட்டையோடு கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தான், கால்கள் வெளியே. அவள் பத்தடி தள்ளி, தரையில் மண்டியிட்டு, அவன் கயிறு கட்டியிருந்த இரும்பு வளையத்தை ஒரு கையால் இறுகப் பற்றியிருந்தாள். கண்களை மூடியிருந்தாள். உடம்பு முழுக்க நடுக்கம். மற்ற கையின் விரல்கள் மட்டும் முடிச்சை நிதானமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இறங்கட்டுமாக்கா?"

"இரு. ரெண்டாவது முடிச்சையும் பார்த்துடறேன்."

"இங்க என்னடி பண்றே?" சூப்பர்வைசர் கத்தத்தான் நினைத்தார். பாதிதான் குரல் வந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. விரல்களும் நிற்கவில்லை.

"நீங்க கீழ உக்காந்து சரின்னு எழுதறதை நான் மேல வந்து பார்க்கறேன்" என்றாள். "என் தம்பிக்கும் நீங்க கீழேருந்துதானே பார்த்தீங்க?"