கல்கத்தா ராகு காலம்

"அப்பா! அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டாதீங்கோ! ராகு காலம்!"

காமு போட்ட சத்தத்தில் ராஜாராமன் தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார். டம்டம் விமான நிலைய வாசலில் டாக்ஸியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஒரு சர்தார்ஜிகூடத் திரும்பிப் பார்த்தார்.

"அசடு! வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான் ராகு காலம். இப்போ மணி பத்துதானே ஆறது? அதுக்குள்ள உள்ளே போயிடணும்னுதானே லேக் மார்க்கெட்லேர்ந்து டாக்ஸிக்காரனை விரட்டிண்டு வந்தேன்!"

"அது ஆறு மணிக்கு சூரியன் உதிக்கற மெட்ராஸ் கணக்குப்பா. இங்கே மே மாசத்துல அஞ்சு மணிக்கே பளிச்சுன்னு விடிஞ்சுடறது. ராகு காலம் மட்டும் மெட்ராஸைப் பார்த்துண்டு காத்திண்டிருக்குமா? ஆரம்பிச்சாச்சு. பகலும் நீளம்கறதால பதினொன்னரை வரைக்கும் இருக்கும்."

ராஜாராமன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பேங்க் ஆபீசர். கணக்கு சரியாகத்தான் வந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அடக் கஷ்டமே! இருபது வருஷமா இந்த ஊர்ல குப்பை கொட்டறேன், இது எனக்குத் தோணலியேடி! எத்தனை நல்ல காரியத்தை ராகு காலத்துல பண்ணித் தொலைச்சேனோ! அதான் புரமோஷனே வரலை!"

பெட்டியை வாசல் ஓரமாக வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு இத்தனை பக்தியா என்று ஒரு பக்கம் பெருமை.

அன்று சாயங்காலம் மயிலாப்பூரில் அவர் தங்கை வீட்டில் காமுவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மறுநாள் காலை அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்டர்வியூ. இரண்டுக்கும் ஒரு மணிக்குக் கிளம்பும் இந்த விமானத்தை விட்டால் வழியில்லை.

"பையனுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா இன்டர்வியூக்கே போக வேண்டாம். அவாத்துல பொம்மனாட்டிகள் வேலைக்குப் போறது பிடிக்காது" என்று டாக்ஸியில் வரும்போதே சொல்லிவிட்டார். "சரிப்பா" என்றிருந்தாள் காமு.

"பிளேன் நேரத்துக்குக் கிளம்பறதான்னு கேட்டுண்டு வரேன்ப்பா."

"ராகு காலத்துல உள்ளே போறியே?"

"விசாரிக்கத்தானே போறேன்? பிரயாணம் கிளம்பலியே."

கைப்பையோடு போனவள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். "நேரத்துக்குக் கிளம்பறதாம்."

அதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் பீடி பற்றவைக்க வெளியே வந்தார். தமிழ் பேச்சு காதில் விழுந்ததும் நின்றார். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை, பெயர் வேலாயுதம், மச்சான் கல்யாணத்துக்குப் போகிறாராம். முதல் தடவையாக விமானம் ஏறும் சந்தோஷத்தில் போர்டிங் கார்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஸார், வெளியவே குந்திட்டீங்க? இன்னிக்கு இருக்கிற சீட்டை விட டிக்கெட் ஜாஸ்தி வித்துட்டாங்களாம். முதல்ல போறவனுக்குத்தான் இடமாம். ஓடுங்க!"

ராஜாராமன் பதறி எழுந்தார். "காமு! உன் இன்டர்வியூ போயிடுமேடி!"

"போனா போகட்டும்ப்பா. கெட்ட நேரத்துல கிளம்பி என்ன கிடைக்கப் போறது?"

"ரயில்ல இதெல்லாம் பார்த்தா வண்டி யார்டை விட்டே நகராது ஸார்" என்று சிரித்துக்கொண்டே வேலாயுதம் உள்ளே போய்விட்டார்.

பதினொன்றரை ஆயிற்று. ராஜாராமன் பெட்டியைத் தூக்கினார். "கல்கத்தா கணக்குக்கு முடிஞ்சுடுத்து. வா வா!"

காமு தயங்கினாள். "முடிஞ்சுடுத்துதான். ஆனா போய் இறங்கறது மெட்ராஸ்லன்னா? அந்த ஊர்க் கணக்குக்கு இன்னும் அரை மணி இருக்கேப்பா. நல்ல காரியத்துக்குப் போறோம்..."

ராஜாராமன் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பெட்டியைக் கீழே வைத்தார். "வேண்டாம். ரெண்டு ஊரையும் பார்த்துடறதுதான் நல்லது."

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷத்துக்கு, வலது காலை முன்னால் வைத்து உள்ளே பாய்ந்தார். கவுன்ட்டரில் இருந்த வங்காளி ஆபீசர் முகர்ஜி அவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பிளேன் ஃபுல், தாதா" என்றார், வங்காளிகள் அண்ணா என்று மரியாதையாக அழைக்கும் பாணியில்.

"ஃபுல்லா? கன்ஃபர்ம்ட் டிக்கெட் ஸார்! நன்னாப் பாருங்கோ, ஓகேன்னு போட்டிருக்கு!" ராஜாராமனின் இருபது வருஷ வங்காளமும் ஒன்றாகச் சேர்ந்து வெடித்தது.

"ஓகே எல்லார் டிக்கெட்லயும்தான் இருக்கு. சீட்தான் எல்லாருக்கும் இல்லை. திங்கட்கிழமை பிளேன்ல கட்டாயம் தரேன்."

"திங்கட்கிழமையா! நான் இல்லாம இன்னிக்கு சாயங்காலம் யார் போய்ப் பேசுவா? பெண் பார்க்கறதே நடக்காதே! அது கிடக்கட்டும் ஸார், பாவம், என் பொண்ணுக்கு நாளைக்கு இன்டர்வியூ. அவளுக்கு மட்டுமாவது ஒரு இடம் குடுங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" இரண்டு கைகளையும் கூப்பினார். "காமு, நீயும் கொஞ்சம் கேளும்மா..."

பக்கத்தில் காமு இல்லை. செக்யூரிட்டி வாசலுக்கு அந்தப் பக்கம், வேலாயுதத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றபடி, முகமெல்லாம் சிரிப்பாக அவருக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணா அது? இன்னிக்கு முதல் போர்டிங் கார்டே அவங்களுக்குத்தான் குடுத்தேன்" என்றார் முகர்ஜி. "பன்னெண்டு மணிக்கு மேல வந்தா அப்பாவுக்கு நிச்சயமா சீட் கிடைக்காதேன்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் வாங்கிட்டுப் போனாங்க!"