வாடகை கேட்கப் போனவர்கள்

"தோட்டைக் கழட்டி உள்ளே வை. வீடு வாங்கப் போற களை முகத்துல தெரியக் கூடாது."

தையல்காரர் சொன்னதும் மனைவி தோட்டைக் கழட்டினாள். கழட்டும்போதே முகத்தில் பாதி சோகம் வந்துவிட்டது.

யோசனை மச்சினனுடையது. சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லாதவன். ஆனால் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி என்று அவன் போனில் பார்க்காத வீடியோ இல்லை.

"பன்னெண்டாயிரம் வாடகை வரும்னு புரோக்கர் சொல்லத்தான் செய்வார் மாமா. அவருக்குக் கமிஷன். நீங்க வாங்கப் போற வீடு இருக்கற அதே தெருவுல, குடி வர்றவங்க மாதிரி போய்க் கேளுங்க. அவங்க வாயில வர்றதுதான் நிஜ ரேட்டு."

தப்பில்லாத யோசனைதான். இருபத்திரண்டு வருஷம் மிஷின் மிதித்துச் சேர்த்த பணம். அதற்கு மேல் வங்கிக் கடன். ஊசியில் நூல் கோக்க இப்போதெல்லாம் மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கண் முழுசாகக் கைவிடுகிற நாளில் அந்த ஒற்றைப் படுக்கையறை வீடுதான் சோறு போட வேண்டும். மாதம் பத்தாயிரமாவது வந்தால் தவணை ஓடும். வராவிட்டால் வீட்டோடு மிஷினும் போகும்.

புரோக்கரிடம் டோக்கன் கொடுத்தாயிற்று. முன்பணத்துக்கு நாளை கடைசி நாள்.

தெருவில் அதே அளவு வீடுகளாக மூன்று 'வாடகைக்கு' போர்டுகள் தொங்கின.

முதல் வீட்டுக்காரர் ரிட்டயர்டு கண்டக்டர். "என்ன வேலை பார்க்கறீங்க?"

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "கார்மென்ட்ஸ் கம்பெனிங்க. போன மாசம் இழுத்து மூடிட்டாங்க."

தையல்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். இது ஒத்திகையில் இல்லை.

கண்டக்டர் கன்னத்தைச் சொறிந்தார். "ஒன்பதாயிரம் கொடுங்க."

வாசலுக்கு வந்ததும், "எதுக்குடி அப்படிச் சொன்னே?" என்றார்.

"வசதியானவங்கன்னு நினைச்சா ஏத்திச் சொல்லிடுவாங்க. அப்புறம் எது நிஜ ரேட்டுன்னு எப்படித் தெரியுமாம்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இரண்டாவது வீடு ஒரு நர்ஸுடையது. நிஜத்தில் அவர்களுக்கு எட்டாவது படிக்கிற ஒரே பையன். அந்த வீட்டு வாசலில் அவன் மூன்று பெண்களானான். மூத்தவளுக்குக் காலேஜ் ஃபீஸ் வேறு பாக்கி.

"எட்டாயிரம்னா சரி" என்றாள் நர்ஸ்.

மூன்றாவது வீட்டில், மாடியில் தனியாக இருந்த அம்மாள் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கீழ்வீட்டைத்தான் விடுகிறாராம். "இந்த வாடகையிலதாம்மா என் பாடு ஓடுது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே கறாரான ரேட்டு வரும்.

மனைவிக்குக் கதை கைவந்துவிட்டிருந்தது. மூன்று பெண்களோடு ஒரு படுத்த படுக்கை மாமியாரும் சேர்ந்தார். நிஜமாகவே கண்ணீர் வந்தது.

"நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?" அம்மாள் தையல்காரரைக் கேட்டார்.

அவருக்குப் பொய் சட்டென்று வரவில்லை. "கண்ணு சரியாத் தெரியலைம்மா."

அன்று அவர்கள் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

அம்மாள் காலித் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"ஏழாயிரம்."

வீட்டுக்கு வந்து, மச்சினனோடு சேர்ந்து மூவரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

"ஒரே தெரு, ஒரே அளவு. ஒன்பது, எட்டு, ஏழு! இன்னும் நாலு வீடு ஏறி இறங்கியிருந்தா, குடியிருக்க நமக்கே கூலி கொடுத்திருப்பாங்க போலிருக்கே" என்றார் தையல்காரர்.

"மழை பெஞ்சா தெருவுல தண்ணி நிக்குமோ?" என்றான் மச்சினன்.

"போன வாரம் அவ்வளவு மழை பெஞ்சும் காய்ஞ்சுல்ல கிடக்கு."

"அப்ப பேய் இருக்கு மாமா."

"போடா, பேய் இருந்தா அந்தம்மா தனியா இருப்பாங்களா?"

"வாடகைதான் பாடுன்னாங்க. அவங்களே ஏழுங்கறாங்கன்னா, அந்தத் தெரு அவ்வளவுதான்" என்று முடித்தாள் மனைவி.

மறுநாள் காலை மூவரும் புரோக்கர் ஆபீசில் போய் நின்றார்கள்.

"டோக்கனைத் திருப்பிக் கொடுங்க. எங்களுக்கு வீடு வேண்டாம்."

"என்னண்ணே திடீர்னு?"

"பன்னெண்டு வரும்னு வாய் கூசாமச் சொன்னீங்களே. அந்தத் தெருவுல ஏழைத் தாண்டாது. விசாரிச்சிட்டோம்."

"ஏழா?" புரோக்கர் முழித்தார். "யாரோ உங்ககிட்ட விளையாடியிருக்காங்கண்ணே. அங்க மாடியம்மா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க வீட்டுக்கு ஆள் பார்க்கறதே நான்தான். நீங்களே காதால கேளுங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, உங்க கீழ்வீட்டு வாடகை எவ்வளவு?"

"பன்னெண்டுதானே தம்பி. உனக்குத் தெரியாதா?"

மச்சினன் மாமாவைப் பார்த்தான். மாமா மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

புரோக்கர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பன்னெண்டுக்கு ஒரு பார்ட்டி ரெடியா இருக்காங்கம்மா. இன்னிக்கே கூட்டிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. நேத்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க, ரொம்ப நொடிஞ்சு போயிருக்காங்க. ஏழுன்னேன், அப்பவும் ஒண்ணும் பேசாம எழுந்து போயிட்டாங்க. முன்பணம் வேண்டாம்னு சொல்ல மறந்துட்டேன், அதான் பயந்துட்டாங்க போல. நீ எங்கயாவது அவங்களைப் பார்த்தேன்னா சொல்லி அனுப்புப்பா. அவங்க வர்ற வரைக்கும் வீட்டை வேற யாருக்கும் விட மாட்டேன்."