ஒரே ஒரு வெற்றி

ஒஹையோ, 1952. வரிசையாக ஏழு ஆட்டங்களில் தோற்ற கல்லூரிக் கால்பந்து அணி, சனிக்கிழமை எட்டாவதில் ஜெயித்தே விட்டது. கோச் வெண்டலைப் பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். திங்கட்கிழமை காலை முதல்வர் தர்லோ கூப்பிட்டனுப்பினார். சம்பள உயர்வுதான் என்று புது டை கட்டிக்கொண்டு போனார் வெண்டல்.

“ஏழு தடவை தோத்தீங்க. நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்ல சார். அது உங்க பெருந்தன்மை!”

“மண்ணாங்கட்டி! எட்டு ஆட்டமும் எங்கய்யா ஆடினோம்?”

“வெளியூர்ல சார். எல்லா காலேஜும் அவங்கவங்க பழைய மாணவர் விழாவுக்கு நம்மளத்தானே ஆசையா கூப்பிடுறாங்க.”

“ஏன் கூப்பிடுறாங்க? அன்னிக்குத் தோத்துட்டா பழைய மாணவங்க நன்கொடை தர மாட்டாங்கன்னு, ஆகாத டீமாப் பாத்துக் கூப்பிடுறாங்க. அதுக்கு அவங்க குடுக்கிற பணத்துலதான் நம்ம காலேஜே ஓடுது. காலையிலேருந்து ஒவ்வொருத்தனா போன் பண்ணி, அடுத்த வருஷம் நீங்க வர வேண்டாங்கிறான்!”

வெண்டல் புது டையைத் தளர்த்திக்கொண்டார். “இனிமே சத்தியமா ஜெயிக்க மாட்டேன் சார்.”

“உங்களை எப்படி நம்புறது? வேற கோச் பாத்தாச்சு. மூணு காலேஜ்ல வேலை பாத்தும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத மனுஷன். அந்த மாதிரி ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு!”