கங்காவின் பூச்சி

சேது சைக்கிளை எஸ்டேட் லயத்து வீட்டுச் சுவரில் சாத்தினான். சட்டைக்குள் செருகியிருந்த காகிதம் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

இன்று மனைவி திலகத்திடம் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தால் அவள் உடைந்துபோவாள் என்று பயந்தே ஆறு வருஷத்தை ஓட்டியிருந்தான்.

காகிதத்தில் அச்சாகியிருந்தது ஓர் அந்துப்பூச்சியின் படம். நிஜப் பூச்சி அரிசி நொய் அளவுதான். பக்கத்தில் யாராவது தும்மினால் காணாமல் போய்விடும். கம்போங் குவாந்தான் கிராமத்து ஆற்றோரத்தில், மின்மினி மொய்க்கிற பெரெம்பாங் மரத்து இலைக்குள் அதன் புழு குடியிருந்தது. இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவில் தின்றுகொண்டே போய், போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு இழுத்திருந்தது.

புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் பூச்சி ஆய்வு அறை உதவியாள் சேது. அந்த இலைகளைப் பறித்துவந்து கண்ணாடிக் குழாயில் வளர்த்தவன் அவன்தான். நாலு தடவை புழு செத்தது. ஐந்தாம் தடவை ஏழு பூச்சிகள் இறக்கையோடு வெளியே வந்தன.

ஆய்வாளர் டாக்டர் பாலகிருஷ்ணன் இறக்கை நரம்புகளை எண்ணினார். ஆண்பூச்சியின் வயிற்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டினார். எதிலும் இல்லை. புது இனம்!

“கண்டுபிடிச்சது நீதான்லா சேது. பேரையும் நீயே வெச்சிடு.”

அச்சில் ஏறிவிட்டால் அந்தப் பெயரை எந்த ராஜா வந்தாலும் மாற்ற முடியாதாம்.

அப்படிப்பட்ட பெயருக்கு அவனிடம் ஒருத்தி இருந்தாள். அவன் மகள். எண்பதாம் வருஷம் பிறந்து, பத்தாம் நாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் எழுதும் இடத்தில் வெறும் கோடு.

மனசுக்குள் அவன் வைத்திருந்த பெயர் கங்கா. அதையே எழுதிக் கொடுத்தான். டாக்டர் அதற்கொரு லத்தீன் வாலை ஒட்டி லண்டனுக்கு அனுப்பினார். அங்கே அச்சாகி வந்த பக்கம்தான் அந்தக் காகிதம்.

திலகம் பின்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சேது வாசற்படியில் நின்று காகிதத்தை விரித்தான். விரல் வைத்துக் காட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். நம் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டேன் என்று சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அவளும் அழுவாள் என்று நினைத்தான். இவ்வளவு நாள் கழித்து எதற்கு என்று ஏசுவாளோ என்றும் பயந்தான்.

திலகம் அச்செழுத்தைப் பார்த்தாள். பிறகு, அய்யோ பாவம் என்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

“கங்காவா? அவ பேரு அம்சவள்ளி. பொறந்த அன்னிக்கே வெச்சிட்டேங்க.”

வெளியே செம்பனைத் தோட்டத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துணிகளை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பினாள். அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் தினமும் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

“அம்சா, வெளையாண்டது போதும்டி. உள்ள வா.”

சேது வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தான். விலகி, மகளுக்கு வழிவிட்டான்.