போர்டிகோவுக்கு அடங்கும் வண்டி

தெருமுனை திரும்பியதும் எஞ்சின் தானாக அணைந்துவிட்டது.

வண்டி நிற்கவில்லை. பேட்டரியில் வழுக்கிக்கொண்டு போனது.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அவள் ஜன்னலோரம் நகர்ந்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா சார், பக்கத்துல வந்து நின்னாக்கூட யாருக்கும் தெரியாது" என்றார் முன்சீட்டில் இருந்த ஷோரூம்காரர். தான் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் அவ்வளவு பெருமை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கணவர் தலையாட்டினார். அவர் முகம் மலர்வது அபூர்வம். இன்று மலர்ந்திருந்தது. அதை நம்பி மூச்சுவிட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் மகனும் மகளும் தனியாக இருக்கிறார்கள். அப்பா வருகிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.

பழைய டீசல் வண்டி என்றால் இந்தக் கவலையே இல்லை. கரகரவென்று தெருமுனையிலேயே ஊரைக் கூட்டிவிடும். அங்கிருந்து கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் வீட்டில் செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடிந்திருக்கும். பிள்ளைகளுக்கு அதைப் பழக்கியவள் அவள்தான். மகள் நடக்கப் பழகியபோதே இதையும் சேர்த்துப் பழகிக்கொண்டாள்.

டீசலைத் தள்ளிவிடப் போகிறேன், இனிமேல் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைப்ரிட்தான் என்று அவர் சொன்ன நாளிலிருந்தே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

ஷோரூமில் ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக் காட்டினார்கள். சின்னது, நடுத்தரம், ஏழு பேர் தாராளமாக உட்காரும் பெரியது. எஞ்சினுக்குச் சும்மா கைகொடுக்கிற ஹைப்ரிட், ஊருக்குள் பேட்டரியிலேயே ஓடுகிற ஹைப்ரிட், வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்கிற ஹைப்ரிட். எல்லாரும் முதலில் பெரியதைத்தான் கேட்பார்களாம். வீட்டுக்குப் போய் இடத்தை அளந்து பார்த்துவிட்டு, நடுத்தரத்துக்கு இறங்கி வருவார்களாம்.

மரியாதைக்கு அவளையும் கேட்டார் ஷோரூம்காரர், மேடத்துக்கு எது பிடித்திருக்கிறது என்று.

ஓடும்போது எஞ்சின் அணையாத அந்தச் சின்ன வண்டி போதும் என்றாள்.

அதை இப்போதெல்லாம் யாருமே கேட்பதில்லையே என்று அவர் சிரித்தார். கணவரும் சேர்ந்துகொண்டார், இவளுடைய ரசனை அவ்வளவுதான் என்று. அவருக்குப் பெரியதில்தான் கண். வீட்டுப் போர்டிகோவுக்கு அது அடங்குமா என்ற ஒன்றுதான் சந்தேகம். ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியை நேரே வீட்டுக்கே திருப்பிவிட்டார்.

அவள் கைப்பையில் போன் இருக்கிறது. பிள்ளைகளிடம் இல்லை. இருந்து என்ன பயன்?

வண்டி மருந்துக்கடையைத் தாண்டியது. தையல்கடையைத் தாண்டியது. தையல்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. டீசல் என்றால் நிமிர்ந்திருப்பார்.

அவள் முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இதுல ஹாரன் எப்படி இருக்கும்? ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்களேன்."

கணவரின் கண்கள் கண்ணாடியில் வந்து அவள்மேல் நின்றன. ஷோரூம்காரர் ஹாரன் பக்கம் நீட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆள் பார்த்து நடக்கத் தெரிந்தவர்.

கேட் மூடியிருந்தால் இறங்கித் திறக்கிற சாக்கில் தடதடவென்று ஆட்டியிருப்பாள். காலையில் கிளம்பிய அவசரத்தில் அதையும் திறந்தே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வண்டி பூனை மாதிரி உள்ளே நுழைந்து நின்றது. பெரிய வண்டிதான். ஆனால் அளவெடுத்துத் தைத்ததுபோல் போர்டிகோவுக்குள் அடங்கிவிட்டது. பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கக் கணவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

அப்போதுதான் அது கேட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டுக்குள்ளே.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அவர் கைநீட்டுகிற மனிதர் இல்லை. கையில் இருப்பதை எறிகிற மனிதர். போன மாதம் டிவி ரிமோட். அதற்கு முன்னால், சோற்றோடு மகளின் தட்டு. வீட்டில் சத்தம் ஆகாது அவருக்கு.

உள்ளே மகன் யாரைப் போலவோ மூக்கால் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, போதும் போதும் என்று கெஞ்சிக்கொண்டே, அடக்க முடியாமல் சிரித்தாள்.

ஸ்டியரிங்கில் இருந்த கணவரின் கை அப்படியே நின்றது. மெல்ல அவள் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் அவள் கோபத்தைத் தேடினாள். இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நம்ம வீட்ல யாரு அது, சிரிக்கிறது?"

ஷோரூம்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் இறங்கிக் கதவைச் சாத்தினார். புது வண்டியின் கதவு, மெத்தென்றுதான் சாத்திக்கொண்டது. அதுவே போதுமாக இருந்தது. உள்ளே சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. பிறகு ஒன்றும் இல்லை.

வாசற்கதவு திறந்தது. மகன் கையில் பாடப்புத்தகம். அண்ணனுக்குப் பின்னால், கைகட்டிக்கொண்டு மகள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அவள் கன்னத்தில் இன்னும் காயவில்லை.

அவர் அதே கேள்வியை மகளிடம் கேட்டார். தன்னால் முடிந்த அளவு மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரும் சிரிக்கலப்பா" என்றாள் மகள்.