இரண்டாவது முறை வாசித்த பெயர்

ஓட்டுச்சாவடியில் பெயரை உரக்க வாசிப்பார்கள். "வடிவாம்பாள். கணவர் தணிகாசலம்," என்றார் அதிகாரி. கணவர் இறந்த பிறகும் அந்தப் பெயர் தன் பெயரோடு சேர்ந்து ஒலித்தது வடிவாம்பாளுக்கு இதமாக இருந்தது. விரலில் மை காய்வதற்குள் அடுத்த பெயர் வந்தது.

"கனகவல்லி. கணவர் தணிகாசலம்."

கீழத்தெருக்காரி. கணவரைப் பாதியாகப் பிரித்துக்கொண்டவள். இடது கையை நீட்டியபடி நின்றாள்.

கட்சி ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த கொழுந்தன் சிரித்தான். "எங்க அண்ணன் பேருல ரெண்டு ஓட்டா? இது ஆள் வேற சார், நான் ஆட்சேபிக்கிறேன். அண்ணி, நீங்களும் சொல்லுங்க. ஓட்டு நின்னுடும்."

அதிகாரி வடிவாம்பாளைப் பார்த்தார். "யாரு பொண்டாட்டிங்கிறது என் வேலை இல்லம்மா. இவங்க கனகவல்லிதானா? அத மட்டும் சொல்லுங்க."

இல்லை என்ற ஒரு சொல் போதும், அவள் மை படாத விரலோடு திரும்பிப் போவாள். அந்த விரலைத் தன் கணவர் எத்தனை தரம் பிடித்திருப்பார் என்று வடிவாம்பாளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் கேள்வி அதுவல்ல.

"அவதான்," என்றாள். "ஓட்டுப் போடட்டும். அவர் பேரை மட்டும் இன்னொரு தடவை வாசிக்காதீங்க."