சனிக்கிழமையும் லீவாம்

ஊரே லீவுல தூங்குற ஞாயித்துக்கிழமைதான் நம்ம கிரைண்டருக்கு டூட்டி. வாரம் பூராவுக்கும் இட்லி மாவு அன்னைக்குத்தானே ஆட்டணும்!

ஒருநாள் பக்கத்துல இருந்த வாஷிங் மெஷின் குதிச்சுச்சு. "டேய் கிரைண்டரு, சேதி தெரியுமா? நம்ம சுகந்தியம்மாவுக்கு இனி சனிக்கிழமையும் லீவாம்! மேனேஜர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டாங்க!"

கிரைண்டர் அதட்டுச்சு. "சும்மா ஆடாத மாமா. அவங்களுக்கு லீவுன்னா நமக்குல்ல வேலை?"

"அட போடா! அம்மா நல்லாத் தூங்குவாங்க. நாமளும் தூங்குவோம்."

சனிக்கிழமை விடிஞ்சுச்சு. சுகந்தி சோபாவுல சாஞ்சு, காபி டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனா. பெட்ரூம்லேர்ந்து வீட்டுக்காரர் குரல் வந்துச்சு.

"சும்மாதானே இருக்க சுகந்தி? வடைக்கு உளுந்து ஊறப் போடேன். அப்படியே பெட்ஷீட், ஸ்கிரீன் எல்லாம் தொவைச்சிடு. சாயங்காலம் எங்க அக்கா குடும்பத்தோட வர்றாங்க."

மத்தியானம் கிரைண்டருக்கு மோட்டார் கொதிக்குது. வாஷிங் மெஷின் திரும்பத் திரும்பச் சுத்துது. சுகந்தி நைட்டியால நெத்தி வேர்வையைத் தொடைச்சுக்கிட்டே மாவை வழிக்கிறா.

கிரைண்டருக்குப் பொறுக்கல. "யம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். சனி ஞாயிறும் சேர்த்து ஆபீஸுக்கே போயிடு தாயே. நாம மூணு பேரும் கொஞ்சம் ரெஸ்ட் எடுப்போம்!"